வாட்ஸ்அப்புக்கு சிம் கட்டாயம், ஏபிகே-வுக்கு கூகுள் அனுமதி: நம்ம பக்கம் யாருக்கு இடிக்கும்?

சந்திப்புக் கடைக்காரர் (2025 டிசம்பர் 6)

வணக்கம் மக்களே. திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங், மொபைல் சர்வீஸ் மூன்றையும் ஒரே அறையில் வைத்து ஓட்டுகிற ஆள் நான். கடை வேலையில் பெரும்பங்கு வாட்ஸ்அப் வெப்பில்தான் நடக்கிறது. ஹால் டிக்கெட், பட்டா நகல், ரயில் டிக்கெட் என்று எதுவானாலும் கடை நம்பருக்கு அனுப்பிவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு காப்பி" என்று வாசலில் நிற்பார்கள்.

தொலைத்தொடர்புத் துறை நவம்பர் 28 தேதியிட்டு இரண்டு உத்தரவுகள் போட்டது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். புதுப் போன்களில் அரசின் சஞ்சார் சாத்தி செயலியைக் கம்பெனியே ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது. டிசம்பர் 1-ஆம் தேதி விஷயம் வெளியே வந்தது, நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியது, 3-ஆம் தேதி கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் இரண்டாவது உத்தரவு அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மாதிரிச் செயலிகள், பதிவு செய்த சிம் அதே போனுக்குள் இருந்தால்தான் ஓட வேண்டும். 90 நாள் கெடு. கம்ப்யூட்டரில் திறக்கும் வெப் வடிவம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக வெளியேறி, மறுபடி கியூஆர் ஸ்கேன் கேட்க வேண்டும்.

இதோடு ஆகஸ்டில் கூகுள் சொன்னதும் சேர்ந்துகொள்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து, ஏபிகே கோப்பாக, ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் செயலியும், அடையாளம் காட்டிப் பதிவு செய்த ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டுமாம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. மற்ற நாடுகளுக்கு 2027 முதல்.

மூன்றுக்கும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மோசடி. மோசடி பொய் இல்லை. பணத்தை விட்டுவிட்டு என் கடைக்கே அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த விதிகள் திருடனைப் பிடிக்குமா, நம்ம காலை வாருமா என்பதுதான் என் சந்தேகம். சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

ரீல்ஸ் ராசா

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பண்ணினால் கை தேய்ந்துவிடுமா அண்ணாச்சி?

சந்திப்புக் கடைக்காரர்

கை தேயாது தம்பி. கடை நம்பர் உள்ள போன் என் பையில் இருக்கும். நான் டிஸ்ப்ளே எடுக்க மதுரை போயிருக்கும்போது மத்தியானம் வெப் வெளியேறிவிட்டால் கடைப் பையன் எதை வைத்து ஸ்கேன் பண்ணுவான்? வாசலில் நிற்கிற ஆளுக்கு மூன்று மணிக்கு ரயில். அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பக்கத்துக் கடைக்கும் இதே கதிதான் என்பது வேறு விஷயம்.

கவுண்டர் நம்பர் 3

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா?

"டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிற கும்பல் எப்படி வேலை செய்கிறது? ஒரு இந்திய நம்பரில் ஒரே ஒருமுறை ஓடிபி வாங்கி வாட்ஸ்அப்பைப் பதிவு செய்துகொள்வான். அப்புறம் அந்த சிம்மைத் தூக்கி எறிந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் கம்போடியாவில் உட்கார்ந்திருப்பான், உங்கள் திரையில் +91 தெரியும், முகப்புப் படத்தில் காக்கிச்சட்டை இருக்கும். வைப்புத்தொகையை உடைத்து மொத்தமாக அனுப்ப வரும் பெரியவரிடம் "சார், யாருக்கு இவ்வளவு?" என்று கேட்டால் நம்மீது எரிந்து விழுவார். சட்டைப் பையில் அந்த அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

யுபிஐ செயலிகள் ஆரம்பத்திலிருந்தே இதைத்தானே செய்கின்றன? உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும், நம்பரும் போனும் சேர்த்துக் கட்டப்படும். அதற்கு யாரும் சுதந்திரம் போச்சு என்று கூவவில்லை. வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்ன?

ஷார்ஜா மேலப்பாளையத்தான்

கவுண்டர் சாருக்கு சலாம். வாட்ஸ்அப்புக்கு என்ன என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் இந்திய சிம் மேலப்பாளையத்தில், வீட்டம்மா கையில், ஒரு பட்டன் போனுக்குள் இருக்கிறது. வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான் கட்டியிருக்கிறது. அதே நம்பரின் வாட்ஸ்அப் இங்கே ஷார்ஜாவில் என் போனில். ஜமாஅத் குரூப், மச்சான்மார் குரூப், பிள்ளையின் பள்ளிக்கூடக் குரூப் எல்லாம் அதில். நாளைக்கு சிம் போனுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்றால் அதை இங்கே வரவழைக்க வேண்டும். வரவழைத்தால் ஓடிபி எனக்கு வரும். நானோ டூட்டி நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போகிறவன். வீட்டில் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தவள் நான் ரூமுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு இது இரண்டு பக்கத் தடை. இந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், வாய்ஸ் அனுப்பலாம், நேரே பேச முடியாது. கால் வசதி தடை. போட்டிம் மாதிரி உரிமம் வாங்கிய செயலியில்தான் பேச வேண்டும். விபிஎன் போட்டுப் பேசலாம் என்று சொல்கிறவன் சட்டத்தைப் படித்திருக்க மாட்டான், அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. சரி, அது இந்த நாட்டு விதி, வந்த இடத்தில் கட்டுப்பட வேண்டியதுதான். எழுதுவதற்காவது இருந்த ஒரு வாசலை ஊரிலிருந்தே சாத்துவானேன்?

ரீல்ஸ் ராசா

ஷார்ஜா நம்பரில் புது வாட்ஸ்அப் திறங்க பாய். முடிஞ்சு போச்சு.

ஷார்ஜா மேலப்பாளையத்தான்

திறக்கலாம். விசா முடிந்து கம்பெனி மாறினால் அந்த நம்பரும் போய்விடும். இங்கே பாதிப் பேருக்கு நிலையான நம்பர் என்றால் ஊர் நம்பர் ஒன்றுதான். கல்யாணத்துக்குச் சொல்கிறவனும் மௌத்துக்குச் சொல்கிறவனும் அதில்தான் சொல்வான்.

முக்கூடல்காரி

கல்ஃப் போகத் தேவையில்லை, முக்கூடலிலேயே இதே கதைதான். அம்மா பீடி சுற்றுகிறார்கள். அம்மா சிம் பட்டன் போனில். அந்த நம்பரின் வாட்ஸ்அப் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே டச் போனில். டச் போனில் கிடப்பது என் சிம். தங்கையின் பள்ளியில் பெற்றோர் நம்பர் என்று அம்மா நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தோம், அதனால் வீட்டுப்பாடம் முதல் லீவு அறிவிப்பு வரை எல்லாம் அந்த வாட்ஸ்அப்பில் வரும். என்றைக்கு இலை போடுகிறார்கள் என்று பீடிக்கடைத் தகவலும் அதில்தான்.

டச் போனில் இரண்டு சிம் போடலாமே என்பீர்கள். போட்டால் அம்மா பீடிக்கடைக்குப் போகும்போது கையில் பேச ஒன்றும் இருக்காது. டச் போன் தங்கையிடம், நான் கல்லூரியில்.

எங்கள் தெருவில் நிறைய வீடுகளில் இப்படித்தான். நம்பர் ஒரு போனில், வாட்ஸ்அப் இன்னொரு போனில். ஆளுக்கு ஒரு டச் போன் வாங்கக் காசு இல்லாததால் வந்த ஏற்பாடு. சிம் இல்லாத போனில் ஓடும் வாட்ஸ்அப் எல்லாம் சந்தேகத்துக்குரியது என்றால், எங்கள் தெருவே சந்தேகத்துக்குரியதுதான்.

கவுண்டர் நம்பர் 3

தங்கச்சி சொல்வது நியாயம். பாய் சொல்வதும் நியாயம். இப்படிப்பட்டவர்களுக்கு வழி வைத்துத்தான் விதி போட வேண்டும். ஆனால் விதியே வேண்டாம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணத்தை இழந்தவர் முகத்தை நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். 1930-க்கு உடனே அடித்தால் சில சமயம் பணத்தை நிறுத்திவிடலாம். பெரும்பாலானவர்கள் வெட்கத்தில் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் ஓரிரண்டு நாள் கழித்துத்தான் வருகிறார்கள்.

சந்திப்புக் கடைக்காரர்

சார், என் கணக்கு வேறு. லட்சக்கணக்கில் அடிக்கிற கும்பலுக்கு ஒரு சிம்மை உயிரோடு வைத்திருக்க ரீசார்ஜ் காசு ஒரு பொருட்டா? அடுத்தவன் பேரில் சிம் வாங்கி, ரோமிங் போட்டு, அதைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுவான். அவனுக்குக் கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதான். முக்கூடல் அம்மாவுக்குத்தான் அந்தச் செலவு தாங்காது.

யுபிஐ-யோடு ஒப்பிட்டதிலும் ஒன்று. யுபிஐ-யில் பின்னால் இருப்பது வங்கிக் கணக்கு, அதில் இவ்வளவு கெடுபிடி இருக்கட்டும். பேசுவதற்கும் எழுதுவதற்கும் அதே பூட்டு எதற்கு?

பாளை ஓய்வு வாத்தியார்

சஞ்சார் சாத்தியை எல்லோரும் திட்டுகிறீர்கள். அதில் நல்லதும் உண்டு என்று பதிவு செய்கிறேன். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, அந்தத் தளத்தில் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ-யைப் பதிந்தால் எந்த நெட்வொர்க்கிலும் அது ஓடாது. வேறு சிம் போட்டால் தகவல் போலீசுக்குப் போகும். மாவட்டக் காவல்துறை அவ்வப்போது மேஜை நிறையப் போன்களை அடுக்கி வைத்து உரியவர்களிடம் கொடுக்கிற படம் பேப்பரில் வருகிறதே, பல போன்கள் இந்த வழியாகத்தான் திரும்புகின்றன. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கலாம். 2023 மே மாதத்திலிருந்து தளம் இருக்கிறது, செயலி 2025 ஜனவரியில் வந்தது. நானே விரும்பி ஏற்றிக்கொண்டேன்.

ஆனால் நான் விரும்பி ஏற்றுவது வேறு, என்னைக் கேட்காமல் ஏற்றி, அணைக்கவும் முடியாது என்பது வேறு. முதல் உத்தரவில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் அமைச்சர் "வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம்" என்றார். உத்தரவில் ஒன்று, பேட்டியில் ஒன்று என்றால் எதை நம்புவது?

சந்திப்புக் கடைக்காரர்

வாத்தியார் சார் சொன்ன ஐஎம்இஐ சோதனையை நான் தினமும் செய்கிறேன். செகண்ட்ஸ் போன் வாங்கும் முன்னால் ஸ்டார்-ஹாஷ்-06-ஹாஷ் அடித்தால் எண் வரும். கேஒய்எம் (KYM) என்று இங்கிலீஷில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடல் போன் என்றும், கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பதில் வரும். செயலி வேண்டாம், நெட் வேண்டாம். திருட்டுப் போனை வாங்கிவிட்டு ஸ்டேஷனில் போய் நிற்பதைவிட ஒரு எஸ்எம்எஸ் எவ்வளவோ மேல். செகண்ட்ஸ் வாங்குகிற எல்லோரும் இதைப் பழகிக்கொள்ளுங்கள், எந்தக் கடையில் வாங்கினாலும் சரி.

அரசு சொல்லும் வேலை உண்மையில் இவ்வளவுதான் என்றால், இது போதுமே?

பேட்டை நிரலன்

கூகுள் விஷயத்துக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். கல்லூரியில் படிக்கும்போது வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் பக்கம் போகும் டவுன் பஸ் நேரங்களைக் கையால் குறித்துச் சின்னச் செயலி ஒன்று எழுதினேன். பிளே ஸ்டோரில் போட 25 டாலர் கட்டணம், அப்புறம் ஆயிரம் படிவம். அதனால் ஏபிகே-வாகவே நண்பர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் வீட்டில் உள்ளவர்களும் பயன்படுத்துகிறார்கள். நாளைக்கு இதற்கும் நான் அரசு அடையாள அட்டையைக் கூகுளிடம் காட்ட வேண்டும்.

என் அட்டையைக் காட்டுவதில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. ஆனால் திறந்த மூலச் செயலிகளை இலவசமாகத் தரும் எஃப்-டிராய்டு மாதிரி இடங்களில் இருக்கும் செயலிகளை எழுதியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிலர் பெயர் சொல்ல முடியாத நாட்டில் இருக்கிறார்கள், சிலர் எழுதிவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். 2010-லிருந்து ஓடும் அந்தத் தளம், இந்த விதி அப்படியே வந்தால் நாங்கள் இப்போதுபோல் நடத்த முடியாது என்று செப்டம்பரில் எழுதியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. மாணவர்களுக்குத் தனிக் கணக்கு, விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி ஏற்றிக்கொள்ள ஒரு வழி, இரண்டும் வைப்போம் என்றது. அந்த வழி எவ்வளவு முள் பதித்ததாக இருக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கவுண்டர் நம்பர் 3

தம்பி, ஏபிகே என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. "உங்கள் வண்டிக்கு அபராதம், சலானைப் பார்க்க" என்று ஒரு ஏபிகே. "கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு ஏபிகே. விவசாய உதவித்தொகை என்று ஒரு ஏபிகே. ஏற்றியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், இவர்களும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்குவார்கள். அப்புறம் ஓடிபி நேரே அங்கே போகும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வருவதால் சந்தேகமும் வராது, ஏனென்றால் அவர் போனும் ஏற்கெனவே அவன் கையில். பிளே ஸ்டோரைவிட வெளியிலிருந்து ஏற்றுவதில் 50 மடங்கு அதிகமாகத் தீங்கான செயலிகள் சிக்கின என்று கூகுளே சொல்கிறது.

உன் பஸ் செயலிக்காக என் வாடிக்கையாளர் பணத்தை இழக்க வேண்டுமா?

பேட்டை நிரலன்

50 மடங்கு என்று எண்ணியதும் கூகுள், அதைக் காட்டி வாசலில் காவல் நிற்கப்போவதும் கூகுள். சரி, அந்தக் காவல் எப்படி இருந்தது? கந்துவட்டிக் கடன் செயலிகள் எங்கே இருந்து வந்தன? எத்தனையோ செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்துதான். போட்டோவை மார்ஃப் செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி மிரட்டியவை அவை. 2022 செப்டம்பருக்கும் 2023 ஆகஸ்டுக்கும் இடையில் மட்டும் 2,200-க்கு மேல் கடன் செயலிகளைக் கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. நீக்கும் வரை அவை எல்லாம் முறையாக உள்ளே வந்தவைதானே?

அடையாளம் கேட்டால் மோசடிக்காரன் வேறொருவன் அட்டையைக் கொடுப்பான். வாடகை வங்கிக் கணக்கு வைத்துப் பணத்தை மாற்றுகிறவனுக்கு வாடகைக்கு ஒரு ஆதார் கிடைக்காதா? மியூல் கணக்கு பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும் சார்?

இன்னொன்று. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, வெளியிலிருந்து செயலி ஏற்றுவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டிருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்திவிட்டு, அந்த உத்தரவை மட்டும் வேறு சிலவற்றோடு ரத்து செய்தது. அது நின்றிருந்தால் இன்று நாம் பேச ஒரு பிடி இருந்திருக்கும். அன்றைக்குப் பத்திரிகைகள் எல்லாம் அபராதத் தொகையைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன.

ரீல்ஸ் ராசா

பஸ் செயலி லிங்க் கொடு மாப்ளே.

பேட்டை நிரலன்

கவுண்டர் சார் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேரில் வா, தருகிறேன்.

தென்காசிச் சாரல்

சிம், செயலி என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மொத்தமாக நெட்டையே நிறுத்தியதை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறந்துவிட்டீர்களா?

2018 மே 22 தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு, 13 பேர் உயிர் போனது. மறுநாள் 23-ஆம் தேதி தூத்துக்குடியோடு சேர்த்து திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் ஐந்து நாளுக்கு நெட்டை நிறுத்த உத்தரவு. தென்காசி அப்போது நெல்லை மாவட்டம்தான், 2019 நவம்பரில்தான் பிரிந்தது. அதனால் எங்களுக்கும் சேர்த்துக் கட். வதந்தி பரவக் கூடாது என்றார்கள். நெட் போன பிறகுதான் வதந்தி பரவியது. இத்தனை பேர், அத்தனை பேர் என்று டீக்கடையில் ஆளுக்கொரு கணக்கு. சரிபார்க்க வழியில்லை.

அந்த 23-ஆம் தேதி காலையில்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் கலந்தாய்வை முதல்முறையாக ஆன்லைனுக்கு மாற்றியதும் அந்த வருடம்தான், மே முழுக்கப் பதிவு நடந்தது. எங்கள் தெருவில் பன்னிரண்டு முடித்த பிள்ளைகள் சிலர் சர்டிபிகேட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினார்கள், அது விருதுநகர் மாவட்டம் என்பதால். இன்னும் சிலர் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போய் கேரள டவரைப் பிடித்தார்கள்.

நெல்லைக்கும் குமரிக்கும் எதற்கு நிறுத்தினீர்கள் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. அதற்கு அப்புறம்தான் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் முன்கூட்டியே திரும்பியது.

சந்திப்புக் கடைக்காரர்

மறக்குமா? அந்த நாட்களில் கடையைத் திறந்து வைத்து ஜெராக்ஸ் மட்டும் எடுத்தேன். பதிவு செய்ய வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. "எப்ப வரும் அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். எனக்கு யார் சொன்னார்கள், நான் சொல்ல?

அன்று என் கையில் உத்தரவின் நகல் இல்லை. 2020 ஜனவரி 10 காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெட்டை நிறுத்தும் உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்றது. 2024 நவம்பரில் வந்த புது விதிகளிலும் காரணம், இடம், காலம் எல்லாம் எழுதி வெளியிட வேண்டும், 15 நாளுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. எழுத்தில் நல்லது. ஆனால் 2018-ல் நெட் போனால் கடையில் வேலை நின்றது. இன்று நெட் போனால் டீ குடித்த காசு கொடுக்க முடியாது, டவுனில் அல்வா வாங்க முடியாது, வண்டிக்குப் பெட்ரோல் போட முடியாது. பத்து ரூபாய்க்கும் ஸ்கேன் பண்ணப் பழகிவிட்டோம். கையில் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன், கவுண்டர் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கவுண்டர் நம்பர் 3

கோபம் எதற்கு? ஏடிஎம்-மில் நாங்கள்தானே நிரப்புகிறோம்.

பாளை ஓய்வு வாத்தியார்

அரசு நிறுத்தாமலே நெட் போன கதையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சூழ்ந்தது, சந்திப்பு மூழ்கியது. கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்தபின் போன் வெறும் டார்ச் லைட். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பயணிகளோடு நின்றது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பக்கத்துத் தெருவில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு உதவியது அலமாரியில் கிடந்த டிரான்சிஸ்டர். நெல்லை வானொலி கேட்டோம், மாடியில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடிவிட்டார்கள். அவர்கள் கையில் இருபதாயிரம் ரூபாய்ப் போன்கள் இருந்தன, ஒன்றிலும் ரேடியோ இல்லை.

சந்திப்புக் கடைக்காரர்

சார், இது நான் அடிக்கடி புலம்புகிற விஷயம். போனுக்குள் இருக்கும் சிப்பில் பல சமயம் எஃப்எம் வாங்கும் திறன் இருக்கிறது. கம்பெனி அதற்கு இணைப்புக் கொடுப்பதில்லை, அல்லது மென்பொருளில் அணைத்துவிடுகிறது. இயர்போன் வயர்தான் போன் ரேடியோவுக்கு ஆன்டெனா. இயர்போன் ஓட்டையையே எடுத்துவிட்டார்கள், வயரை எங்கே செருகுவது? பாட்டு வேண்டுமா, டேட்டா செலவழித்துக் கேள் என்பதுதான் அர்த்தம். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு அமைச்சகம் எஃப்எம்-மை அணைக்காதீர்கள், பேரிடருக்கு உதவும் என்று கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அது வெறும் அறிவுரை. எட்டு மாதத்தில் இங்கே வெள்ளம்.

சஞ்சார் சாத்தியைக் கட்டாயமாக ஏற்ற வேண்டும் என்று 90 நாள் கெடு வைக்கத் தெரிகிறது. ரேடியோவுக்கு மட்டும் அறிவுரை. கட்டாயம் ஆக்குவதானால் இதை ஆக்கியிருக்கலாம். எஃப்எம் யாரையும் கண்காணிக்காது, யாரிடமும் ஓடிபி கேட்காது.

பேட்டை நிரலன்

எஃப்எம் சரி. வாத்தியார் சார், உங்கள் விண்டோஸ் 10 லேப்டாப் கதை என்ன ஆயிற்று? அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டதே.

பாளை ஓய்வு வாத்தியார்

டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசசர் பழசு, 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. நல்ல இரும்புப் பெட்டி, ஒரு குறையும் இல்லை. பேரனுக்குத் தெரிந்த பையன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அரசு இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் போட்டு வந்த காலத்தில் பிள்ளைகள் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு வருவார்கள், நான் திட்டுவேன். இப்போது எனக்கு அதன் தம்பிதான் சோறு போடுகிறது.

நெறியாளர்

லினக்ஸுக்குத் தனி இழை இருக்கிறது சார், அங்கே உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சிம் விஷயத்தோடு நிற்போம்.

ஷார்ஜா மேலப்பாளையத்தான்

சரி, செய்தியைப் பேசி முடித்தாயிற்று. நான் என்ன செய்ய வேண்டும்? பிப்ரவரி கடைசியில் கெடு முடிகிறது. ஊரிலிருந்து சிம் வரவழைக்கவா, காத்திருக்கவா?

சந்திப்புக் கடைக்காரர்

பாய், இப்போதைக்கு சிம்மை அசைக்காதீர்கள். உத்தரவு செயலிக் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது, அவை எப்படிச் செய்யப்போகின்றன என்று வரட்டும். அதற்குள் இரண்டு வேலை. ஒன்று, வாட்ஸ்அப் பேக்கப் எடுத்து வையுங்கள், முக்கியமான குரூப்புகளில் ஷார்ஜா நம்பரையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு, வீட்டம்மா பேரிலேயே ஒரு நம்பர் இருந்தால் கேஸையும் கரண்ட் பில்லையும் அதற்கு மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் உங்கள் ஒரு நம்பரையே நம்பியிருப்பது இந்த உத்தரவு வராவிட்டாலும் ஆபத்துதான். வங்கி நம்பரை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

கவுண்டர் நம்பர் 3

வழிமொழிகிறேன். இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வைத்திருந்தால் அந்த நாட்டு நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-லிருந்து சில நாடுகளுக்கு வசதி உண்டு, ஐக்கிய அமீரகமும் அதில் இருக்கிறது. கிளையில் கேட்டுப் பாருங்கள். ஓடிபி-யை போனில் வாசித்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறதே, வீட்டம்மாவாகவே இருந்தாலும், எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஷார்ஜா மேலப்பாளையத்தான்

பிடிக்காவிட்டால் என்ன சார் செய்ய, அவள்தானே வீட்டை நடத்துகிறாள்.

முக்கூடல்காரி

அண்ணாச்சி, எனக்கும் ஒன்று சொல்லுங்கள். அம்மா சிம்மை டச் போனுக்கு மாற்றினால், என் சிம்மைப் பட்டன் போனில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பீடிக்கடைக்காரருக்கும் சித்திக்கும் நம்பர் மாறியதைச் சொன்னால் போதும். என் ஓடிபி மட்டும் அம்மாவிடம் வரும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எண் வாசிக்கத் தெரியும்.

சந்திப்புக் கடைக்காரர்

கவுண்டர் சார் காதில் விழாமல் செய்துவிடுங்கள் தங்கச்சி. உங்கள் யோசனையில் புது ரீசார்ஜ் செலவு இல்லை, அது நல்லது. பட்டன் போன் வாங்குவதானால் வயர் இல்லாமலே எஃப்எம் எடுக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள், ஆயிரத்துச் சொச்சத்திலேயே கிடைக்கிறது.

என் கடைக்கு வழி பார்த்துவிட்டேன். கடை சிம்மை ஒரு செகண்ட்ஸ் போனில் போட்டு கவுண்டரிலேயே செயின் கட்டி வைக்கப்போகிறேன், கடைப் பையன் ஸ்கேன் பண்ணிக்கொள்வான். கூடவே மெயில் முகவரியை எழுதி ஒட்டப்போகிறேன். மெயிலில் அனுப்பத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கவலை.

முக்கூடல்காரி

எங்கள் டச் போனில் சார்ஜிங் பின் ஆடுகிறது. சனிக்கிழமை கொண்டுவரலாமா?

சந்திப்புக் கடைக்காரர்

வாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் வந்தால் கையோடு வாங்கிப் போகலாம். பின் மட்டும் போனதா, சார்ஜிங் போர்டு போனதா என்று பார்த்துத்தான் விலை சொல்ல முடியும். வரும் முன்னால் பேக்கப் எடுத்துவிடுங்கள்.